சுல்தானுக்குப் போட்ட ஊசி

பேராவூரணிப் பக்கம் தங்கையன் என்ற பெயரில் நாலு பேராவது இருப்பார்கள். யானைக்காரத் தங்கையன் ஒருத்தர்தான். தொண்ணூறுகளில் அவர் வயசுக்காரர்கள் ஏஜெண்டைப் பிடித்து சிங்கப்பூர் போய் மாடி வீடு கட்டினார்கள். அவருக்கும் விசா வந்தது. யானையின் சொந்தக்காரரான தேங்காய் வியாபாரி அப்துல் வஹாப் ராவுத்தர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுல்தான் உன்னைத் தவிர யாருக்கு அடங்குவான் தங்கையா? அவன் இருக்கிற வரைக்கும் இந்தத் தோப்புல நீயும் இருப்ப. இது என் வாக்கு."

தங்கையன் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு யானையைக் குளிப்பாட்டப் போனார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்றது ஊர். ஊர் சொன்னதில் தப்பே இல்லை.

கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றுக்கும் சுல்தான் போவான். வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் மதம். கன்னத்தில் நீர் வடிய, புளியமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள். கிட்டப் போய்த் தழை போடுகிற தைரியம் தங்கையனுக்கு மட்டுந்தான் உண்டு. அதுகூடப் பெரிசில்லை. மதம் இறங்கியதும், சங்கிலியை அவிழ்க்கும் முன்னால் வெளியாட்கள் நாலு பேரை வரவழைத்து, கட்டிக்கிடக்கிற யானையைத் தடியால் அடித்துப் பணிய வைப்பார்கள். யார் எஜமான் என்று அதற்கு மறந்திருக்குமாம்! என்ன நியாயமோ. அந்த இரண்டு நாளும் தங்கையனுக்குச் சோறு இறங்காது.

ராவுத்தர் காலமானதும் துபாயிலிருந்து மகன் ஃபாஜில் வந்து பொறுப்பேற்றான். வந்த வருஷமே ஜெரால்ட் என்ற கால்நடை டாக்டரைத் தோப்புக்கு அழைத்து வந்தான்.

"இது தடுப்பூசிங்க," என்றார் டாக்டர். "மதம் வரவைக்கிற ஹார்மோனை உடம்பே எதிர்க்க ஆரம்பிச்சுடும். இணை சேர்ற நெனப்பும் அடங்கிடும். முதல்ல ரெண்டு ஊசி, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. நிறுத்திட்டா மதம் திரும்ப வரலாம்."

இணை சேர்ற நினைப்பு என்றதும் தங்கையனுக்கு மனசு ஒரு மாதிரி ஆனது. ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப அடிக்க வேண்டியதில்லைங்களே?"

"மதமே வராதப்ப எதுக்குங்க அடிக்கணும்?"

"நீங்க சொன்னாத்தாண்ணே படுப்பான்," என்றான் ஃபாஜில். "இனிமே உங்களுக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி."

தங்கையன் சொன்னார். சுல்தான் படுத்தான். ஊசி ஏறியது. ஒரு மாதம் கழித்து இன்னொன்று.

அந்த வருஷம் மதம் வரவில்லை. சங்கிலி இல்லை, அடி இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து தானே கண்டுபிடித்த மருந்து மாதிரி பெருமையடித்தார் தங்கையன். மதத்தோடு சுல்தானின் ஓய்வும் போனது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. அந்த மூன்று மாதத்துக்கும் ஃபாஜில் ஊர் ஊராகத் திருவிழாக்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தான். இன்றைக்கு மயிலாடுதுறை, நாளைக்கு நன்னிலம் என்று லாரியிலேயே கிடந்தது யானை.

ஒருநாள் காலையில் போனால், வேறொரு பாகன் சுல்தானின் காதைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தான்.

"இப்ப யார் சொன்னாலும் கேக்குறாண்ணே," என்றான் ஃபாஜில். "நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"உங்க அத்தா வாக்குக் கொடுத்தாங்க தம்பி."

"அத்தா சொன்னது மதம் பிடிக்கிற யானைக்கு. இது அந்த யானை இல்லையே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார் தங்கையன். ஊசிக்கு யானையைப் படுக்கவைத்தது தன் வாய்தானே. ஃபாஜில் தன்னை ஏமாற்றினான். தானோ சுல்தானை ஏமாற்றியிருந்தார்.

அடுத்த ஊசிக்கு நாள் வந்தது. எல்லாவற்றுக்கும் பணிந்த சுல்தான், டாக்டரைக் கண்டதும் மரத்தோடு ஒட்டி நின்றுவிட்டான். புதுப் பாகன் தொண்டை கிழியக் கத்தியும் படுக்கவில்லை. தங்கையனை அழைத்துப்போக அவர் வீட்டு வாசலுக்கு பைக் வந்தது.

போகக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தார். போகாவிட்டால் மதம் வரும், சங்கிலி வரும், தடி வரும். ஃபாஜில் மேல் உள்ள கோபத்துக்குச் சுல்தான் முதுகா கிடைத்தது? இனியாவது தன் அருமை தெரியும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. போனார்.

"படுடா ராசா."

சுல்தான் தும்பிக்கையால் அவர் தோளைத் தடவிவிட்டுப் படுத்தான். டாக்டர் ஊசியை எடுத்தார்.

"இன்னொரு தடவை தெளிவா சொல்லுங்கண்ணே. எந்திரிச்சுடப் போறான்," என்று ஃபாஜில் கைபேசியோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"படுடா ராசா. படு."

ஊசி முடிந்தது. சுல்தான் எழுந்து நின்றான். டாக்டர் வண்டிக்குப் போனார். ஃபாஜில் கைபேசியில் எதையோ அழுத்தி, யானைக்கு நேராக நீட்டினான்.

"படுடா ராசா. படு."

தங்கையன் வாயே திறக்கவில்லை. சுல்தான் காதை ஆட்டி அவர் பக்கம் ஒருமுறை பார்த்தான். பார்த்துவிட்டு, முன்காலை மடக்கி மறுபடியும் படுத்தான்.