அத்தானின் பட்டமளிப்புப் படம்

அக்காவின் வீட்டு முன்னறையில், வாசலுக்கு நேரெதிரே, அத்தானின் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, கையில் சுருட்டிய தாள். அந்தத் தாள் சான்றிதழே அல்ல, படம் பிடித்தவர் எல்லோருடைய கையிலும் மாறி மாறிக் கொடுத்த வெறும் கடதாசி என்று அத்தானே சொல்லிச் சிரிப்பார். முதலில் அந்தப் படம் படுக்கையறை அலுமாரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அது முன்னறைக்கு வந்தது என்னால். சரியாகச் சொன்னால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களால். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வெட்கம் வரும், பிறகு சிரிப்பு வரும்.

அத்தான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் புவியியல் படித்துப் பட்டம் பெற்றவர். எல்லோரையும் போல அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் அந்த இடைவெளியில் எங்கள் ஊர்த் தோணித்துறையில் பாதை வேலைக்குச் சேர்ந்தார். பாதை என்று நாங்கள் சொல்வது, மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான தோணியை. செட்டிபாளையத்தில், எழுவான்கரையில் இருக்கும் எங்களுக்கு வயலெல்லாம் அக்கரையில், படுவான்கரையில். கயிற்றை அவிழ்ப்பது, கரை தட்டியதும் பலகையை இறக்குவது, வயதானவர்களைக் கைபிடித்து இறக்கிவிடுவது, இவைதான் அவருடைய வேலை. அக்காவுக்கு அவரைப் பேசியபோது அப்பா ஊரெல்லாம் சொன்னது ஒரே வார்த்தை: தற்காலிகம். கல்யாண அட்டையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் பட்டம் தடித்த எழுத்தில் இருந்தது. பாதையைப் பற்றி ஓரெழுத்தும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மூத்த மகளுக்குப் போனது. அப்பா, அம்மா, நான், தங்கை நால்வரும் அதே வளவுக்குள் பின்னால் இருந்த சின்ன வீட்டுக்கு மாறினோம். பட்டதாரி மாப்பிள்ளைக்கு வீடு கொடுத்ததில் அப்பாவுக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை.

கல்யாணம் முடிந்து எட்டாம் மாதம் நியமனக் கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். அத்தான் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்குப் போகத் தொடங்கினார். அங்கே அவரைப் போலப் புதிதாகப் போன பட்டதாரிகள் நிறையப் பேர். கதிரைகள் குறைவு, வேலை அதைவிடக் குறைவு. முந்திப் போனவருக்குக் கதிரை, பிந்திப் போனவருக்குச் சுவர். அத்தான் மூன்று மாதம் போனார். நான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை நீளக்கைச் சட்டையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துறைக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன இடம் அப்படியே காலியாக இருந்தது. அந்தச் சம்பளத்துக்கு வேறு யார் வருவார்கள்? அன்று பின்னேரம் அக்கா அழுதுகொண்டே காரணம் கேட்டபோது அவர் சொன்னதை, அடுப்படியில் நின்ற நானும் கேட்டேன்.

“அங்க காலையில கையெழுத்து வெச்சா பின்னேரம் வரைக்கும் நான் ஒருத்தருக்கும் தேவையில்ல. இஞ்ச பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஆரோ ஒராள் அக்கரையில நிண்டு என்னப் பாத்துக் கையக் காட்டுறாங்க.”

இந்தக் காரணம் எங்களில் ஒருவருக்கும் அன்று போதவில்லை. வெளிநாட்டுக்குப் போய்க் கழிவறை கழுவுகிறவரை ஊர் வணங்கும், காசு வருகிறதே. கந்தோரில் வேலையே இல்லாமல் சுவரில் சாய்ந்திருப்பவருக்கும் வணக்கம்தான், ஓய்வூதியம் வருமே. படிக்காதவர் பாதையில் நின்றால் அது பிழைப்பு. படித்தவர் நின்றால் அவருக்கு ஏதோ குறை. என்ன குறை என்று கண்டுபிடிப்பதில்தான் ஊர் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. மேலதிகாரியோடு சண்டை என்றார்கள். தலையில் ஏதோ பிசகு என்றார்கள். புவியியல் படித்தவர் பூமியில் கால் வைக்கிறாரே இல்லை என்று தேநீர்க்கடையில் ஒருவர் சொன்ன பகிடி எங்கள் வீடு வரைக்கும் வந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பது அம்மாவின் முடிவு. களவாகப் போய் மந்திரித்த நூல் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். அத்தான் அதைக் கையில் கட்டிக்கொண்டார். நனைந்து நனைந்து அது தானாக அறுந்துபோகும்வரை கட்டியிருந்தார்.

அப்பா செய்தது வேறு. பாதையில் ஏறுவதை விட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் கடந்து வயல் வட்டைக்குப் போகிற மனிதர், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போனார். விதைப்புக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் சுற்றினார். கேட்டால், அந்த ரோட்டு நல்லம் என்பார். அந்த ரோட்டில் எத்தனை குழி என்று எங்களுக்குத் தெரியும்.

ஒன்றரை வருடம் இப்படிப் போன பிறகுதான் எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை படுவான்கரை, நீர்ப்பாசனத்தில் உத்தியோகம். சாதகம் பார்த்துப் பொருத்தம் என்று சொல்லிவிட்டார்கள். தரகர் விசாரித்தபோது மூத்த மருமகன் வீதித் திணைக்களத்தில் வேலை என்று அம்மா சொன்னார். பாதை அந்தத் திணைக்களத்துக்குச் சொந்தமானதுதான், அதனால் பொய் இல்லை என்பது அம்மாவின் நியாயம். பெண் பார்க்கும் வைபவம் அக்காவின் வீட்டில் என்று முடிவானதும், படுக்கையறையில் இருந்த படம் முன்னறைக்கு வந்தது. வருகிறவர்கள் கதிரையில் இருந்து நிமிர்ந்தால் முதலில் தொப்பிதான் தெரியவேண்டும் என்று அம்மா நின்று பார்த்து ஆணியடிக்க வைத்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, அன்று மத்தியானம் அவர் சாப்பிட வராவிட்டாலும் பரவாயில்லை என்று மெதுவாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கல்யாணம் குழம்பிவிடக்கூடாது என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அத்தான் அன்று காலை சாப்பாட்டுப் பார்சல் ஒன்றைக் கட்டிக்கொண்டு வழமைபோலப் போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவின் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. உத்தியோக வீட்டுக்காரர், வாடகை வான் பிடித்துப் பாலத்தால்தான் வருவார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு வான் ஏறினால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்பது யாருக்குத் தெரியும்? அவர் மகனோடும் தன் தமையனோடும் பாதையால் வந்து, துறையில் ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். எப்படி வந்தீர்கள் என்று அம்மா கேட்டு, பதிலைக் கேட்டதும் அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டார். நான் தேநீர்த் தட்டோடு வரும்போது அந்தத் தாய், பாதையில் நின்ற தம்பியைப் பற்றித்தான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தன்னைக் கைபிடித்து ஏற்றினாராம் அந்தத் தம்பி. இந்த வீட்டைப் பற்றி அவரிடம்தான் விசாரித்தாராம். நல்ல குடும்பம் அம்மா, நீங்கள் பார்க்கப்போகிற பிள்ளை தங்கமான பிள்ளை, நம்பி எடுக்கலாம் என்று சொன்னாராம். உங்களுக்கு அவர்கள் என்ன முறை என்று கேட்டதற்கு, கிட்டத்தில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். அம்மா வந்து, மூத்த மருமகன் திணைக்கள வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று ஒப்பித்துவிட்டு, பெருமையாகப் படத்தைக் காட்டினார்.

அந்தத் தாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து கிட்டப் போனார்.

“இந்தத் தம்பிய நான் இப்பதானே பாத்துட்டு வாறன்” என்றார்.

அக்கா அறைவாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா, வேறு யாரோ ஒருவரின் முகச்சாயல் என்று ஏதோ சொல்லத் தொடங்கியபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அப்பாவின் காது சிவந்திருந்தது. மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

“ஓம், ரெண்டும் ஒராள்தான். என்ட மூத்த மருமகன். பாதையிலதான் வேல. வெளியூருக்கு ஒண்டும் போகல்ல. இண்டைக்குச் சாப்பிட வர வேணாம் எண்டு நாங்கதான் சொல்லிட்டம்.”

அதற்குப் பிறகு பேச்சு மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் போனது. வந்தவர்கள் மரியாதையாகச் சாப்பிட்டார்கள், மரியாதையாக விடைபெற்றார்கள். ஓட்டோ ஒழுங்கை முனையில் திரும்பியதும் அப்பா அக்காவைக் கூப்பிட்டு, சோறு கறி எல்லாவற்றையும் அடுக்குச் சட்டியில் போடச் சொன்னார். இறால் பொரியலைக் கூடுதலாக வைக்கச் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் வரச் சொல்லி, துறைக்கு நடந்தார். நாங்கள் போய்ச்சேர்ந்தபோது வந்தவர்களை அக்கரையில் இறக்கிவிட்டுப் பாதை திரும்பிக்கொண்டிருந்தது. அத்தான் எங்களைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துவிட்டார். அப்பா ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பலகையில் கால் வைத்து ஏறினார்.

“மாமா, வட்டைக்கோ?” என்று அத்தான் கேட்டார்.

“இல்ல மனே, உங்களுக்குச் சாப்பாடு கொண்டந்தன். இருந்து சாப்பிடுங்க, கயிற நான் பாத்துக்கிறன்.”

அத்தான் சட்டியை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா போகும்போது என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை, சரிவராது போலிருக்கிறது, என்னால் உனக்கு வந்த கரைச்சல் என்றார். அவருடைய காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கவேண்டியவள் நான். இறால் ஆறிப்போகும், சாப்பிடுங்கள் அத்தான் என்பதுதான் வாயில் வந்தது. அவர் ஒரு சாக்கின் மேல் இருந்து சாப்பிட்டார். மற்ற வேலையாள் இயந்திரத்தைப் பிடிக்க, அப்பா கயிற்றோடு நின்றார். அக்கரை தட்டியதும் அப்பா கட்டிய கட்டு தானாக அவிழ்ந்து பாதை விலகிப்போக, ஏற நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அத்தான் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கயிற்றை இழுத்து ஒரே சுற்றில் கட்டினார். அதை அப்பா உற்றுப் பார்த்து, இன்னொருமுறை கட்டிக்காட்டச் சொன்னார். அந்த நேரத்தில் என் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தேன். எனக்குத் துக்கமாக இருந்திருக்க வேண்டிய நாள் அது. உண்மையைச் சொன்னால், பல மாதங்களாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது.

நாலாம் நாள் தரகர் வந்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். ஏற்கனவே பொருந்திய சாதகம்தானே என்று அம்மா கேட்க, தரகர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா ஒரு நாள் அழுதார். நான் இரண்டு நாள் அவமானப்பட்டேன், மூன்றாம் நாள் வழமைபோல வேலைக்குப் போனேன். அடுத்த வருடம் நாவற்குடாக்காரர் ஒருவரைக் கட்டினேன். அவருக்கும் அத்தானுக்கும் இன்று கதைக்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. அப்பா அதற்குப் பிறகு பாலத்தால் சுற்றவே இல்லை. முழங்கால் பிடித்துக்கொண்ட இந்த வயதிலும் வட்டைக்குப் போக அத்தானின் பாதை வரும்வரை காத்திருந்து, அவருடைய கையைப் பிடித்துத்தான் ஏறுகிறார்.

பட்டமளிப்புப் படத்தை அலுமாரிக்குப் பக்கத்தில் திருப்பிக் கொண்டுபோக அப்பா விடவில்லை. நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அதன் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார். ஒன்றில் அங்கியும் தொப்பியும், மற்றதில் தூக்கிய சோற்றுக் கையும் கயிறும். ஊர் முழுக்க மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். புதிதாக வருகிறவர்கள் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாவம், நியமனம் கிடைக்கவில்லையோ என்று இன்றும் கேட்கிறார்கள். கிடைத்தது, பிடிக்கவில்லை என்று அத்தான் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை.

போன மாதம் அந்த வாசலால் ஒரு தரகர் வந்தார். இந்த முறை தங்கைக்கு. தங்கையும் பட்டதாரிதான். படிப்பை முடித்துவிட்டு, அவளாக விரும்பி ஒரு பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறாள். சம்பளத்தைக் கேட்டால் ஆட்கள் சிரிப்பார்கள். அவளோ அங்கே போவதற்குக் காலையில் எங்கள் எல்லோருக்கும் முந்தி எழும்புகிறாள். மாப்பிள்ளை வீடு படுவான்கரை என்றார் தரகர். பிறகு குரலைத் தாழ்த்தி, டீச்சர் என்று மட்டும் சொல்லிவிடுவோம், எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள் என்றார். பொய்யும் இல்லைத்தானே என்று வேறு சேர்த்துக்கொண்டார். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மா எழுந்து போய், கொஞ்சம் சரிந்திருந்த பட்டமளிப்புப் படத்தை நேராக்கி, சேலைத் தலைப்பால் இரண்டு கண்ணாடிகளையும் துடைத்தார்.

“பாலர் பாடசாலை எண்டே சொல்லுங்க. மறுகா, வாறவங்களப் பாலத்தால வேணாம், பாதையாலயே வரச் சொல்லுங்க.”