கனம் பார்த்து வாங்கிய கால்குலஸ்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இப்போது கொல்லிமலையிலிருந்து கீழே நாமக்கல்லுக்குப் போய் இயற்பியல் படிக்கிறேன். முதல் பருவத்திலேயே கால்குலஸ் தாள் இருந்தது. புத்தகம் வாங்க அப்பாவும் வந்தார். பலாப்பழம் பார்ப்பதுபோல் இரண்டு புத்தகங்களைக் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இதுதான் கண்ணு நல்லா கனமா இருக்குது, இதையே எடுத்துக்க" என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

உள்ளே பக்கத்துக்குப் பக்கம் நிரூபணங்கள். ஒரு கணக்குகூடப் போட வரவில்லை. தேர்வு நெருங்கியபோது, "எனக்குப் படிப்பு வராதும்மா, நின்னுக்கறேன்" என்று அழுதேன்.

"நின்னுக்க. மொளகு பறிக்க ஆளில்லாமத்தான் கெடக்குது" என்றார் அம்மா. சுருக்கென்றது.

மறுநாள் கல்லூரிக்குப் போக எங்கள் மலைமேல் உள்ள செம்மேட்டில் பஸ் ஏறி, கோபத்தோடு புத்தகத்தைத் திறந்தேன். அதுவரை படிக்காத முன்னுரை கண்ணில் பட்டது. கால்குலஸ் ஏற்கெனவே படித்து முடித்து, கணித ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கான நூலாம்!

"நான் மக்கு இல்லீங்க!" என்று கத்தியேவிட்டேன்.

பக்கத்து சீட் அக்கா பதறி, "யாரு கண்ணு உன்னை அப்படிச் சொன்னது?" என்றார்.

அன்றே நூலகத்தில் ஒரு மெல்லிய புத்தகம் எடுத்தேன். வேகம், முடுக்கம் என்று எனக்கு வேண்டிய கணக்குகளெல்லாம் அதில் செய்தே காட்டியிருந்தார்கள். தாளில் தேறிவிட்டேன்!

இப்போதெல்லாம் முன்னுரையைப் படித்து, நடுவில் ஒரு கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்த்த பிறகுதான் வாங்குகிறேன். போன வாரம் பழக்க தோஷத்தில் ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிய அப்பா, சட்டென்று அதை என்னிடம் நீட்டினார்.

"இது யாருக்குன்னு மொதல்ல படி கண்ணு."