ரத்தம் எடுக்கிற நேரம்

ஆமத்தூர் முத்துச்செல்விக்கு ஒரு லாரி செட்டின் வாசலில் வேலை. பட்டாசு லோடு ஏற்றிய வண்டி எதுவும், அவள் நீட்டுகிற மெஷினில் டிரைவர் ஊதாமல் வெளியே போக முடியாது. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் சாராயம் வரை சட்டம் பொறுத்துக்கொள்ளும். அவள் ஒன்றைக்கூடப் பொறுக்கமாட்டாள். சாவியை வாங்கி மேசைக்குள் போட்டுவிடுவாள்.

ஒரே ஒரு ஆளைப் பிடிக்கத்தான் அந்த வேலைக்கு அவள் வந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் தங்கை ராமுத்தாயும் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டியவன் ரத்தினசாமி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸில் ஏறும்போதே அவனிடம் வாடை அடித்தது.

“அண்ணாச்சி, குடிச்சிருக்கீகளா?” என்று ராமுத்தாய் கேட்டாள்.

“ஏறு தாயி. எனக்கு ரோடு தெரியாட்டியும் வண்டிக்குத் தெரியும்” என்று சிரித்தான்.

பாதி வழியில் பஸ் ஓடைப் பாலத்தில் மோதிக் கவிழ்ந்தது. ராமுத்தாய் அக்காவின் மடியிலேயே அடங்கிப்போனாள். இருபத்திரண்டு வயது.

ரத்தினசாமிக்குக் கீறல்கூட இல்லை. ஆலையின் ஆட்கள் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மதியம்தான் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் சாராயம் இல்லை என்று அறிக்கை வந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னார்கள். வழக்கு நீர்த்துப்போனது. முத்துச்செல்வியைச் சாட்சிக்குக் கூப்பிடவேயில்லை.

தீர்ப்பன்று கோர்ட் வாசலில் நின்ற ஒரு வக்கீல் குமாஸ்தா அவளிடம் சொன்னார்: “உடனே ரத்தம் எடுத்திருந்தா உள்ள போயிருப்பாம்மா. விடிஞ்சா எல்லாம் எறங்கிரும்.”

அதை அவள் மறக்கவில்லை.

ரத்தினசாமி பிறகு லாரிக்கு மாறினான். அவன் எந்த செட்டுக்கு ஓட்டுகிறான் என்று விசாரித்து வைத்திருந்தாள். டிரைவர்களைச் சோதிக்காமல் லோடு தரமாட்டோம் என்று பட்டாசுக் கம்பெனிகள் கறாராகச் சொன்னபோது, அந்த செட்டில் வாசலுக்கு ஆள் தேடினார்கள். டிரைவர்களோடு மல்லுக்கட்ட யாரும் வரவில்லை. முத்துச்செல்வி போய் நின்றாள்.

முதல் வாரமே அவன் வந்தான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

“ஊதுங்கண்ணாச்சி.”

ஊதினான். பூஜ்யம். மறுவாரமும் பூஜ்யம். அவன் திருந்திவிட்டானோ என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. மேசைமேல் கை கழுவும் சானிடைசர் இருந்தது. ஊதுகுழாயில் ஒரு சொட்டு தடவினால் மெஷின் எகிறும். ஒருநாள் அதை விரலில் எடுத்தும்விட்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடும், அவன் இன்னொரு முறை சிரித்துக்கொண்டு வெளியே வருவான் என்று தோன்றியது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

புரட்டாசியில் ரத்தினசாமியின் வண்டிக்குப் பாண்டிமுருகன் என்ற டிரைவர் வந்து ஊத ஆரம்பித்தான். ஒரு வியாழக்கிழமை அவன் எர்ணாகுளம் லோடை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரு மணி நேரம் கழித்து அவள் வீட்டுக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏறினால், அதே பாண்டிமுருகன் ஜன்னலோரம் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. இவன் ஊதுகிறான், வழியில் அவன் ஏறிக்கொள்கிறான்.

அடுத்த வியாழக்கிழமை பாண்டிமுருகன் ஊதியதும் கேட்டைத் திறந்துவிட்டாள். மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரவல் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனாள். ரோந்து போலீசுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள். ஆமத்தூருக்குப் பிரியும் விலக்கு தாண்டி லாரி நின்றது. பாண்டிமுருகன் இறங்கிக்கொள்ள, ரத்தினசாமி தள்ளாடி ஏறினான். உடனே அவள் கத்தவில்லை. ஓட்டாதவனைப் பிடித்தால் நழுவிவிடுவான். வண்டி நகரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பர்லாங்கு தள்ளி ஜீப்பைக் குறுக்கே போட்டு மறித்தார்கள்.

“அண்ணாச்சி, எறங்குங்க. இங்கன ஒரு தடவ ஊதுங்க” என்றாள், பின்னாலேயே வந்த முத்துச்செல்வி.

போலீஸ்காரரின் மெஷினில் நூற்றுப்பன்னிரண்டு காட்டியது. அவளுடையதிலும் கிட்டத்தட்ட அதுவே.

“சார், இப்பவே ரத்தம் எடுக்கணும். நானும் கூட வாரேன்” என்றாள். ஊசி இறங்குகிற வரைக்கும் ஆஸ்பத்திரி அறை வாசலை விட்டு அவள் நகரவில்லை.

வெளியே வந்த ரத்தினசாமி கேட்டான்: “உனக்கும் எனக்கும் என்ன பகை தாயி?”

“அச்சங்குளம் பஸ்ஸுல செத்தாளே ராமுத்தாய், அவ அக்கா நான்.”

அவன் தலை குனிந்தது. ஆறு வருஷமாக அவள் காத்திருந்தது அந்த முகத்தைப் பார்க்கத்தான்.

மூன்று மாதம் உள்ளே இருந்தான். லைசென்சும் ரத்தானது. பாண்டிமுருகனை செட்டிலிருந்து விரட்டினார்கள். ரத்தினசாமியின் மனைவி பாண்டிலட்சுமி ஒருநாள் வீடு தேடி வந்தாள்.

“அவுகளுக்கு வேற தொழில் தெரியாது. லைசென்ச திருப்பிக் குடுக்கச் சொல்லி நீ ஒரு கடுதாசி எழுதுனா கேப்பாக” என்று அழுதாள்.

முத்துச்செல்வி தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. ஆனா எழுதமாட்டேன். அவரு சாகுற வரைக்கும் ஸ்டீரிங்கத் தொடக்கூடாது.”

பாண்டிலட்சுமி செம்பை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்காகக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது என்று, இந்தக் கதையை என்னிடம் சொன்னபோது முத்துச்செல்வி சொன்னாள். ரத்தினசாமிக்காக இல்லை. இப்போது அவன் வெகுதூரத்தில் இருக்கிற எம். புதுப்பட்டி வரை வேலைக்குச் சைக்கிளில் போகிறானாம்.

“அவ்வளவு தூரம் மிதிக்கட்டும்” என்றாள்.