நீங்க மொதல்ல உக்காருங்க

அவர் விழுந்ததும் கருமத்தம்பட்டிக் கல்யாண மண்டபமே எழுந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்த பெண் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு மேடையை நோக்கி ஓடி வந்தார். விசைத்தறி வைத்திருக்கும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர், தாம் அமர்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியையே தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார். யாரோ அரங்கின் எல்லா விளக்குகளையும் போட்டார்கள். ஆர்மோனியம் நின்றது, தபலாவும் நின்றது.

"பெரியவரே, அசையாதீங்க. அப்படியே இருங்க."

"காரு ஒண்ணு எடுங்கப்பா, வெரசா!"

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. இது நாடகமுங்க" என்று அவர் தரையில் கிடந்தபடியே சொன்னார்.

"பாவம், வலியில என்னென்னமோ பேசறாரு" என்று நாற்காலிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது, ஒலிவாங்கி வழியாக மண்டபம் முழுவதும் கேட்டது.

நாடகத்தில் அது கல்யாணப் பந்திக் காட்சி. அவருக்கு மணப்பெண்ணின் தாய்மாமன் வேடம். கையில் ரச வாளியோடு பாடிக்கொண்டே பரிமாற வந்து, பாட்டின் உச்சத்தில் வழுக்கி விழ வேண்டும். வாளி உருள வேண்டும். உருளும் சத்தத்தில்தான் அது காலி வாளி என்பது ஊருக்குத் தெரியவரும். மில் கதவடைப்பு நாளில் நடக்கும் கல்யாணம் அது. வீட்டில் ரசம் வைக்கக்கூட வழியில்லை என்பதை மாமன் அதுவரை ஆட்டத்தாலும் பாட்டாலும் மறைத்துக்கொண்டிருப்பார். விழுந்ததும் சிரிப்பு எழ வேண்டும். சிரிப்பு அடங்கும்போது உண்மை புரிய வேண்டும். பிறகு உறவினர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து சேர்வார்கள். மில் தொழிலாளி ஒருவர் எழுதிய இந்த இசை நாடகம், ஒரு தலைமுறைக்கு முன்பு மில் குடியிருப்புகளின் பொங்கல் மேடைகளில் ஓடியது. அப்போதும் தாய்மாமனாக நடித்தவர் இவர்தான். அந்த ஒரு விழுதல் இவரைச் சென்னைக்குக் கொண்டுபோனது. சினிமாவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விழுந்தார்: கிணற்றில், சேற்றில், மாட்டுவண்டியிலிருந்து, கதாநாயகனின் அறை பட்டு. பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரியும். இப்போது உக்கடத்தில் மகளோடு இருக்கிறார்.

நாடகத்தை மீண்டும் மேடையேற்ற வேண்டும் என்று கணபதியில் லேத் பட்டறை நடத்தும் எங்கள் இயக்குநர் தீர்மானித்தபோது, ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சமூகப்பணி படித்த நான், பட்டறைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். விரல் போன பிறகு வருந்துவதைவிட, விரல் போகும் வாய்ப்பை முன்கூட்டியே அகற்றுவதுதான் என் தொழில். ஆகவே அவருடைய மகள், "அத்தாவுக்கு முட்டி மாத்தியிருக்குதுங்க. விழுகறதா இருந்தா அனுப்ப மாட்டேன்" என்று சொன்னபோது, நான் இரண்டாவது யோசனையின்றி வாக்குக் கொடுத்தேன். அவரும் கொடுத்தார்: "விழமாட்டேன் கண்ணு. தடுமாறிப்போட்டு நின்னுக்குவேன்." ஒத்திகை முழுவதும் அப்படித்தான் செய்தார். நகரத்து அரங்கேற்றத்துக்கு முன்னோட்டமாக, தறிகள் ஓய்ந்திருக்கும் ஞாயிறு பிற்பகலில் கருமத்தம்பட்டியில் நடித்துப் பார்த்தோம். அங்கேதான் எங்கள் இருவரின் வாக்கையும் அவர் தரையில் போட்டார்.

அடி ஏதும் படவில்லை. விழத் தெரிந்தவர் விழுந்திருந்தார். ஆனால் நாற்காலியில் உட்கார வைத்து, அழைப்பிதழால் விசிறி, சோடா கொடுத்த பிறகு நாடகம் தொடர்ந்தபோது, கூட்டம் அவருடைய கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஓரடி வைத்தால் முன்வரிசை மூச்சைப் பிடித்தது. என்னதான் பாடினாலும் ஒரு சிரிப்புக்கூட வரவில்லை.

அவினாசி சாலையில் வேன் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"கல்லெடுத்து எறிஞ்சிருந்தாக்கூட பரவாயில்லைங்க அம்மணி. பாவம்னு பாத்துட்டாங்க."

"அக்கறைதானுங்களே" என்றேன்.

"அக்கறைதான். அக்கறைப்படறவங்க சிரிக்க மாட்டாங்க. சிரிக்காத எடத்துல எனக்கென்ன சோலி? மாப்பிள்ளையா நடிக்கற தம்பி நல்லா விழுவாரு. அவருக்கே மாமன் வேசத்தக் குடுத்துருங்க."

பின்னிருக்கையிலிருந்து அந்த இளைஞர் பதறினார். "ஏனுங்கண்ணா, என்னைய இதுல கோத்து விடறீங்க? நா மாப்பிள்ளையா வந்தே யாரும் திரும்பிப் பாக்கறதில்ல!"

வேனில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அவர் அதில் கலந்துகொள்ளவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் பயிற்சியின்படி பார்த்தால், அவர் விலகுவதே சரியான முடிவு. ஆபத்து நீங்கும், மகளுக்கு நிம்மதி, எனக்குப் பழி இல்லை. ஆனால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பட்டறைகளில் நான் சொல்லிக்கொடுப்பது இயந்திரத்துக்குக் காப்பு போடுவதைத்தான். ஆளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக்கொடுத்ததில்லை. வாழ்நாள் முழுவதும் சிரிப்பைக் கேட்டுப் பழகிய ஒரு மனிதர், இரக்கத்தின் முன்னால் தோற்றுப்போய் வீட்டில் உட்கார்ந்தால் அதுவும் ஒரு காயம்தான். அந்தக் காயத்துக்கு எந்த விபத்துப் பதிவிலும் இடமில்லை.

மறுநாள் மாலை உக்கடத்துக்குப் போனேன். மகள் கதவைத் திறக்கும்போதே கோபத்தில் இருந்தார்.

"தடுமாறுவேன்னுதானே சொன்னீங்க அத்தா? இப்ப ஊரே துக்கம் விசாரிக்குது."

"நா உசுரோடதான் இருக்கேன்னு சொல்லு."

ஊர் உண்மையிலேயே வந்துகொண்டிருந்தது. கருமத்தம்பட்டியில் யாரோ எடுத்த கைபேசிப் படம் அதற்குள் தெருவெங்கும் பரவியிருந்தது. நான் போனபோது பக்கத்து வீட்டுத் தம்பதியர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்றிருந்தார்கள். பின்னாலேயே தெருமுனை அத்தர்க் கடைக்காரர் சாத்துக்குடிப் பையோடு வந்தார். எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு: வீட்டுப் பெரியவர் நின்றுகொண்டிருக்கும்போது வந்தவர் உட்காரமாட்டார், வந்தவர் நின்றுகொண்டிருக்கும்போது வீட்டுக்காரரும் உட்காரமாட்டார். மகள் உள்ளிருந்த எல்லா நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க பாய்."

"நீங்க மொதல்ல உக்காருங்க. அடிபட்டவரு."

"அடிபடலைங்க. நீங்க உக்காருங்க."

"நீங்க நிக்கறப்ப நாங்க எப்படிங்க?"

அவர் பாதி குனிவார். எதிரிலிருப்பவர்களும் பாதி குனிவார்கள். அதற்குள் வாசலில் புதிதாக ஒருவர் சலாம் சொல்வார். மரியாதைக்கு இவர் நிமிர்வார். உடனே எல்லோரும் நிமிர்வார்கள். மூன்றாவது முறை இது நடந்தபோது, அந்தச் சிறிய அறையில் ஆள் நிற்க இடமில்லாதபடி நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒன்றில்கூட ஆள் இல்லை. சமையலறைக் கதவோரம் டீத் தட்டோடு நின்ற மகள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். தட்டில் டம்ளர்கள் குலுங்கின. வந்தவர்களும் தங்கள் நிலையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. மகளையே பார்த்தார். பிறகு, வாசலில் யாரும் இல்லாதபோதும், மெதுவாகக் குனிந்து, இருக்கையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பாக நிமிர்ந்தார். அறை இன்னொரு முறை சிரித்தது.

"அம்மணி, நாளைக்கு ஒத்திகை வெச்சுக்கலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

விழுவதற்குப் பதிலாக அந்த நாற்காலி விளையாட்டை வைக்க இயக்குநர் எளிதில் இணங்கவில்லை. லேத்துகளை நிறுத்திவிட்டு அவற்றுக்கு நடுவில்தான் எங்கள் ஒத்திகை நடக்கும். எண்ணெய்க் கறை படிந்த தரையில் நின்று அவர் நீண்ட நேரம் வாதிட்டார்.

"நாற்காலி வெளையாட்டு நல்லாத்தாங்க இருக்குது. ஆனா எழுதினவரு விழச் சொல்லியிருக்காரு. வாளி சத்தம் கேக்கலைன்னா அது காலின்னு எப்படித் தெரியுமுங்க? கதையே அந்தச் சத்தத்துலதான் இருக்குது."

அவர் சொன்னது சரிதான். சிரிப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு, அந்த வீட்டின் வறுமையை மேடையிலிருந்து அகற்றிவிட்டால், எழுதிய தொழிலாளிக்கு நாங்கள் செய்வது துரோகம். எனக்கு வேறொரு தயக்கமும் இருந்தது: கருமத்தம்பட்டி மக்கள் ஓடி வந்தது நல்ல மனத்தால். அந்த நல்ல மனத்தையே மேடையில் வைத்துச் சிரித்தால், அடுத்த முறை ஒருவர் உண்மையாகவே விழும்போது யாராவது எழ யோசிப்பார்களோ? இதைச் சொன்னபோது பெரியவர் என்னைச் சற்று வியப்போடு பார்த்தார்.

"அவங்களப் பாத்துச் சிரிக்கலைங்க. அவங்களோட உக்காந்து சிரிக்கறோம். அதுல மொத ஆளு நானுங்க."

விவாதம் நீண்டதில் அவருக்குக் கால் கடுத்திருக்க வேண்டும். யார் நாற்காலி கொண்டுவந்தாலும் மறுத்துவிடும் பிடிவாதத்தில் வேறு இருந்தார். கையிலிருந்த ரச வாளியைச் சட்டென்று தரையில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரையில் வாளி மோதிய ஓசை, நின்றிருந்த லேத்துகளுக்கிடையே சுற்றி வந்தது.

இயக்குநர் வாளியைப் பார்த்தார். பிறகு ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். "அந்த எடத்துலயே இது விழுகுமாங்க?"

"தாளம் சுத்தி வந்து சேர்ற அடியில கவுத்தச் சொல்லுங்க. நாங்க நிறுத்திக்கறோம்" என்றார் ஆர்மோனியக்காரர்.

கவிழ்த்த வாளியிலிருந்து ரசம் கொட்டாது. கொட்டாததால் அது காலி என்பது தெரியும். எத்தனையோ நாற்காலிகள் சுற்றியிருக்க, மனிதர் தன் வறுமையைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்காருவார். விழுவதைவிட இது எழுதியவருக்கு அதிக நெருக்கமாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. என் பங்குக்கு நான் ஒன்று கேட்டேன்: வாளி உயரமாக இருக்க வேண்டும், தாங்க வேண்டும். இயக்குநரின் பட்டறையிலேயே அதைச் செய்தார்கள். வெளியே பார்த்தால் பந்தி வாளி. உள்ளே பற்றவைத்த முக்காலி. அதன்மேல் முதலில் ஏறி நின்று குதித்துப் பார்த்தவள் நான்தான். மாப்பிள்ளை வேடக்காரர் விசிலடித்தார்.

அரங்கேற்ற மாலையில் நகரத்து அரங்கம் நிறைந்திருந்தது. கைபேசிப் படத்தைப் பார்த்தவர்கள் பலர் வந்திருந்தார்கள் என்பது, அவர் வாளியோடு நுழைந்தபோது எழுந்த மௌனத்திலேயே தெரிந்தது. அது கருமத்தம்பட்டியில் கேட்ட அதே மௌனம். மேடையோரத் திரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். முன்வரிசையில் மகள் இரு கைகளையும் கோத்து மடியில் இறுக்கியிருந்தார். இன்றும் சிரிப்பு வராவிட்டால் இதுவே கடைசி என்று பெரியவர் ஒப்பனையின்போது என்னிடம் சொல்லியிருந்தார்.

பாட்டு தொடங்கியது. மேடையிலிருந்த உறவினர் ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். மாமன் உட்காரக் குனிந்தார், யாரோ கும்பிட்டார்கள், நிமிர்ந்தார். இரண்டாவது நாற்காலி வந்தது. சிரிப்பில்லை. மூன்றாவது நாற்காலியைச் சுற்றி வரும்போது அவருடைய கால் இலேசாகத் தடுமாறியது. அது ஒத்திகையில் இருந்த தடுமாற்றமா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அரங்கம் மூச்சை இழுத்தது. நடுவரிசையில் சிலர் எழுந்துவிட்டார்கள்.

அவர் பாட்டை நிறுத்தினார். மேடையின் விளிம்புக்கு வந்து, எழுந்தவர்களைக் கையமர்த்தினார்.

"ஏனுங்க, நா இன்னும் விழுகவே இல்லைங்க. அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி? நீங்க மொதல்ல உக்காருங்க."

பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நீங்க நிக்கறப்ப நாங்க எப்படிங்க?"

யாரும் சொல்லிக்கொடுக்காத பதில் அது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. எழுந்தவர்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்; அவர் உட்காருவதுபோல் குனிந்து நிமிர, பாதிப் பேர் மறுபடியும் எழுந்தார்கள். தபலாக்காரர் சிரிப்பில் ஒரு சுற்றைத் தவறவிட்டுத் தேடிப் பிடித்தார். அந்தச் சிரிப்பு உச்சத்தில் இருந்தபோதுதான், தாளம் வந்து சேர்ந்த அடியில், அவர் வாளியைக் கவிழ்த்தார். ஓசை கேட்டது, இசை நின்றது. காலி வாளியின்மேல் அவர் உட்கார்ந்தார். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. பின்னாலிருந்து ஒரு பெண், "அய்யோ, ரசமே இல்லையா" என்று தன்னையறியாமல் சொன்னது மேடைவரை கேட்டது. இயக்குநர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகளின் கைகள் பிரிந்திருந்தன.

நாடகம் முடிந்ததும், நடுவரிசையிலிருந்து பதில் சொன்ன அந்தக் குரலுக்கு உரியவர் மேடைக்குப் பின்னால் வந்தார். கருமத்தம்பட்டியில் நாற்காலி தூக்கி வந்த அதே விசைத்தறிக்காரர்.

"அன்னைக்கு நா சேர் கொண்டாந்து நாடகத்தக் கெடுத்துப்போட்டேனுங்களா?"

"கெடுக்கலைங்க. அந்தச் சேருக்குத்தான் இன்னைக்குக் கைதட்டுனாங்க. உக்காருங்க, டீ வரும்."

"இருக்கட்டுமுங்க. நீங்க நெம்ப நேரம் நின்னிருப்பீங்க. நீங்க உக்காருங்க."

"தேடி வந்த ஒறம்பரைய நிக்க வெச்சுப்போட்டு நா உக்காருவனா?"

டீ வந்து, ஆறி, ஆடை படியும்வரை இருவரும் நின்றுகொண்டே பேசினார்கள். பொள்ளாச்சியில் எப்போது நாடகம் என்று விசைத்தறிக்காரர் கேட்டார்; உடுமலையிலும் போடலாமே என்று பெரியவர் சொன்னார். வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்ப வண்டி வந்து நின்றது. மற்றவற்றையெல்லாம் ஏற்றச் சொல்லிவிட்டு, அவர்கள் இருவருக்கும் நடுவிலிருந்த இரண்டை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன்.