சக்கரத்தில் வைத்த சந்தனம்

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. அந்த வருஷத்து ஆயுத பூசைக்கு கலப்பை, மண்வெட்டி, கொத்து என்று வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், அண்ணனின் ரயில் எஞ்சினுக்கும் வைத்தேன். கோயம்புத்தூரில் படிக்கும்போது அவன் கையாலேயே செய்த முழ நீளப் பொம்மை எஞ்சின் அது. அடியில் போகி என்கிற சக்கரச் சட்டங்கள் இரண்டு, முன்போகியில் மோட்டார்.

அதை ஓட்டிக் காட்டி அப்பாவின் சம்மதம் வாங்கலாம் என்று நம்பித்தான் அண்ணன் திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கே வந்திருந்தான். பம்பாயில் மின்சார ரயில் பட்டறை ஒன்றில் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவுக்கோ அவன் ஒரே மகன். காடு கரையை யார் பார்ப்பது?

"நெருப்பில்லாம மாடில்லாம அது எப்படிப் போகும்? பூசை முடிஞ்சு நாளைக்கு எடுக்கறப்ப ஓட்டிக் காட்டு, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

பூசைக்கு மறுநாள் எடுக்கும்போதே ஒரு கருவி மக்கர் செய்தால், அந்தக் காரியத்தை எங்கள் வீட்டில் தொடவே மாட்டார்கள்.

மறுநாள் காலை அண்ணன் தரையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, இரவல் வாங்கிய பஸ் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து அதில் சேர்த்தான். எஞ்சின் ஒரு சாண் போய் நின்றது. விரலால் தள்ளினால் துள்ளியது, மறுபடி நின்றது.

அண்ணன் பதறவில்லை. மேல்மூடியைக் கழற்றினான். பல்சக்கரத்தில் நூல், முடி சுற்றியிருக்கிறதா என்று பார்த்தான். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு கம்பிகளைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து நேராக மோட்டாரிலேயே வைத்தான். சக்கரங்கள் விர்ரென்று சுழன்றன. எனக்குப் புல்லரித்துவிட்டது. கம்பிக்குள் ஒன்றும் ஓடுவதாகத் தெரியவில்லை, ஆனாலும் ஏதோ வந்து இரும்பைச் சுழற்றுகிறது. கோயிலில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

"மோட்டாருல கோளாறு இல்லீங்கப்பா. தண்டவாளத்துல வர்ற கரண்டு சக்கரத்து வழியாத்தான் ஏறோணும். அங்க ஏதோ தடுக்குது" என்று முன்போகியைக் கழற்றிக் கவிழ்த்தான்.

அதன் நான்கு சக்கரத்து விளிம்பிலும் என் சந்தனம், காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. சக்கரத்துக்கு ஒரு பொட்டு போதாதா? போதாது என்று சுற்றிச் சுற்றி வைத்திருந்தேன், புத்திசாலி.

"நாந்தானுங்கண்ணா வெச்சேன்" என்றேன்.

அவன் துணியை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது. பூசையில் வைத்த சந்தனத்தை எங்கள் வீட்டில் யாரும் துடைப்பதில்லை, அது தானாக உதிர வேண்டும். கலப்பைப் பொட்டைத் தெரியாமல் அழித்துவிட்ட ஆளோடு அப்பா மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்.

அப்பா எழுந்து வந்தார். போகியைக் கையில் வாங்கி, தோள்துண்டின் நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு சக்கரமாகத் தாமே துடைத்தார்.

ஈரம் காய்ந்ததும் அண்ணன் போகியை மாட்டித் தண்டவாளத்தில் வைக்க, எஞ்சின் கிளம்பியது. வட்டத்தைச் சுற்றி வந்தது, மறுபடியும் சுற்றியது, நிற்கவே இல்லை. அப்பா தரையில் குந்தி, அது போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் அப்படி வியந்து பார்த்து நான் கண்டதில்லை. எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"பம்பாய்க்கு எப்பப் பொறப்படோணும், சாமி?"

நாலு நாளாக வாதாடிய அண்ணன் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பதிலை நான்தான் சொன்னேன்.

"வர்ற வெள்ளிக்கெழமைங்கப்பா."