காப்புக் கட்டிய கையும் கிராஞ்சி ரயில்வே கேட்டும்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே பல வருடங்கள் போய்விட்டன. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் தயங்கியது அதனால் அல்ல. உண்மையை எழுதினால் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடுமோ என்ற பயம்தான். போன வாரம் என் மனைவி, "நீங்க எழுதலைன்னா ஆளாளுக்கு அவங்க இஷ்டத்துக்குச் சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க" என்று நோட்டை எடுத்து முன்னால் வைத்துவிட்டாள்.

மலேசியாவிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் ரயில் அப்போது கிராஞ்சி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. சாலையின் குறுக்கே ரயில்வே கேட் இருந்தது. ஐப்பசி மாதம், நல்ல மழை. தீமிதிக்குக் காப்புக் கட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மனைவியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மூன்று வருடம் தீயில் இறங்குவதாக அம்மனிடம் வேண்டியிருந்தேன். அது மூன்றாவது வருடம். விரலி மஞ்சளைக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டிவிட்டால், நேர்ந்த காரியம் முடியும்வரை சாவு வீட்டுப் பக்கம் போகக்கூடாது, ரத்தம் படக்கூடாது என்று எங்கள் வீட்டில் வழக்கம். நான் அந்த நாட்களில் பஸ்ஸில் கூட யார் மேலும் உரசாமல் நிற்பேன். அவ்வளவு பயபக்தி.

மச்சானின் வேனை வாங்கிக்கொண்டு, தெம்பனிஸிலிருந்து கிராஞ்சிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேப்பிலை எடுக்கப் போனேன். திரும்பும்போது காலை பத்து மணி இருக்கும். எனக்கு முன்னால் ஒரு லாரி. பின்னால் மண் மூட்டைகளும் அவற்றின் மேல் எட்டு ஒன்பது தொழிலாளர்களும். தண்டவாளத்தின் மேல் ஏறிய லாரி அப்படியே நின்றுவிட்டது. இஞ்சின் முக்குகிறது, எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கேட்காரர் சிவப்புக் கொடியோடு ரயில் வரும் பக்கம் ஓடினார். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் குதித்துவிட்டார்கள். "அண்ணே, இறங்குங்கண்ணே!" என்று கத்துகிறார்கள். டிரைவர் மட்டும் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ரயில் அலறிக்கொண்டு வந்தது. பிரேக் போட்ட சத்தம் இன்றைக்கும் என் பல்லைக் கூச வைக்கும். லாரியின் வால் பக்கம் அடித்தது. லாரி ஒரு சுற்றுச் சுற்றி, சாலையோர லோங்காங்கில் டிரைவர் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. ஆள் இறங்கினால் மறையும் அளவுக்கு ஆழமான வடிகால் அது. மழைத்தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மூட்டைகள் சாலையெங்கும் சிதறிக் கிடந்தன.

நான் வேனை விட்டு இறங்கி ஓடினேன். ஓரத்துக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. உடைந்த கண்ணாடி வழியாக டிரைவர் தெரிந்தார். கால் இரும்பில் மாட்டியிருந்தது. தண்ணீர் சிவப்பாக ஓடியது. தண்ணீருக்கும் அவர் வாய்க்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? காப்புக் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வருடம் தவறினால் மனைவிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஆளை நினைக்கவில்லை.

பக்கத்து ஆட்டுப் பண்ணைக்கு வந்திருந்த ஒரு முஸ்லிம் பாய், அதுவரை அவரை நான் பார்த்தது கூட இல்லை, எனக்கு முன்பே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி டிரைவரின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். என் கழுத்தில் கிடந்த மஞ்சள் துண்டையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, காப்பு கையிலதானே கட்டியிருக்கு? கால்ல இல்லல்ல? இறங்குங்க லா! எனக்கு ரெண்டு கைதான் இருக்கு!"

சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. "தாயே, நீ பார்த்துக்கோ" என்று குதித்துவிட்டேன். அந்தத் துண்டை எடுத்து டிரைவரின் தொடையை இறுக்கிக் கட்டினேன். ரத்தம் மட்டுப்பட்டது. அவர் என் காப்புக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆனால் மழை விடவில்லை. தண்ணீர் தாடையைத் தொட்டது. டிரைவருக்குக் கண் சொருகியது.

"தம்பி, தூங்குனே, அறைஞ்சிடுவேன். ஊரு எது?" என்றார் பாய்.

"அறந்தாங்கி."

"அட, எங்க வாப்பாவுக்குத் தொண்டிதான். பக்கத்து ஊர்க்காரன் என் கையில சாகக்கூடாது, மானம் போயிடும்."

"லாரி போச்சாண்ணே? முதலாளி திட்டுவாரு..."

"லாரிய விட்டுட்டு ஓடாததுக்கு நானே உன்னைத் திட்டணும். மொதல்ல மூக்கைத் தூக்கு!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் தண்ணீர் அவர் கீழுதட்டுக்கு வந்துவிட்டது. இனி முடியாது என்று நினைத்தேன்.

மேலே தொழிலாளர்களில் ஒருவர் கத்தினார்: "டேய், லாரிய விடுங்கடா, தூக்க முடியாது! தண்ணி வர்ற பக்கம் அடைங்கடா! மூட்டைய எடு!"

அவர்கள் லோங்காங் பழுது பார்க்கும் ஆட்கள். ஓடுகிற தண்ணீரை மறித்துவிட்டு வேலை செய்வது அவர்களுக்குத் தினசரிக் காரியம். நாலு பேர் தண்ணீரில் இறங்கித் தோளோடு தோள் சேர்த்துக் குறுக்கே நின்றார்கள். மற்றவர்கள் வரிசையாக நின்று சிதறிய மூட்டைகளைக் கைமாற்றினார்கள். "போடு! அடுத்தது! மிதிச்சு உட்கார வை!" அணை எழும்பியது. தண்ணீர் கரையேறிப் புல்தரைப் பக்கம் திரும்பியது.

டிரைவரின் உதட்டிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து நெஞ்சுக்குத் தண்ணீர் இறங்கியது. அந்த இறக்கத்தை நான் ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிட அழகான எதையும் பார்த்ததில்லை.

சிவில் டிஃபென்ஸ் மீட்புப் படையினர் வந்து இரும்பை வெட்டி அவரை உயிரோடு தூக்கினார்கள். தள்ளி நின்றிருந்த ரயிலின் ஜன்னல்களில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தொழிலாளர்கள் போட்ட கூச்சல் கிராஞ்சி முழுக்கக் கேட்டிருக்கும். பாய் வானத்தைப் பார்த்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் "தாயே" என்றேன். இருவரும் சேறும் சகதியுமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும்தான் காப்பைப் பார்த்தேன். கயிறு கருஞ்சிவப்பாக இருந்தது. வாசலிலேயே நின்று, "காப்புல ரத்தம் பட்டுடுச்சு. இந்த வருஷம் இறங்க முடியாதோ என்னமோ" என்று மனைவியிடம் சொன்னேன். யாருக்காக நேர்ந்தேனோ அவளிடமே சொல்கிறேன்.

அவள் நடந்ததை எல்லாம் கேட்டாள். "அந்த ஆளு பொழைச்சிட்டாரா?"

"பொழைச்சிட்டாரு."

"செத்தாத்தானே தீட்டு? உசிரு நிக்கிறதுல என்ன தீட்டு? போய்த் தலைக்கு ஊத்திட்டு வாங்க, ரசம் ஆறுது."

கோயிலில் சொன்னேன். குளித்து, மஞ்சள் நீர் தெளித்து, புதுக் காப்புக் கட்டிவிட்டார்கள். அந்த வருடம் தீயில் இறங்கியபோது நான் வேண்டியது அறந்தாங்கிக்காரரின் காலுக்காக. கால் தப்பியது. உள்ளே கம்பி வைத்து, ஆறு மாதத்தில் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார். இப்போது ஊரில் டிராக்டர் ஓட்டுகிறார். தீபாவளிக்கு எனக்கும் பெருநாளைக்குப் பாய்க்கும் தவறாமல் போன் வரும். "பாய் இன்னும் திட்டுறாருண்ணே" என்று சிரிப்பார்.

இந்தக் கதை இன்றைக்கு வெவ்வேறு விதமாக ஓடுகிறது. நான் தனியாக லாரியைத் தூக்கினேனாம், காப்புக் கயிறு மின்னியதாம், அதைப் பார்த்து ரயிலே நின்றதாம். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது என் தப்பு. அம்மன் வந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் வந்தது என் கயிற்றில் அல்ல. என்னை அதட்டிய பாயின் குரலிலும், மூட்டையைக் கைமாற்றிய அந்தக் கைகளிலும்தான் வந்தாள். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றதையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அதைக் கேட்டு ஒருவராவது அடுத்த முறை நிற்காமல் இறங்கிவிட்டால் எனக்கு அது போதும்.