வேண்டுமென்றே விட்ட அழுக்கு

கறையக்காவின் கண்ணில் முதலில் படுவது கறைதான். ஆள் முகம் அப்புறம். சலவைக்கடை வைத்து இத்தனை வருஷம் ஆனால் யாருக்குத்தான் அப்படி ஆகாது? ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்ன கையோடு, "காலர் மஞ்சளா இருக்கே தம்பி, என்ன சோப்பு போடுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த கல்யாணத்துக்கு அவளைத் தனியாக அனுப்பிவிட்டு, வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார் புருஷன்.

அவள் கடைக்கு லீவு விட்டுவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு ஓவியக் கூடத்துக்குக் கிளம்பினாள் என்றால், அது மகளுக்காக. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து, கிழிசலை ஒட்டி, மீட்டெடுக்கிற பிரிவில் மகளுக்கு வேலை. அவள் தனியாளாகச் செய்த முதல் படம் அந்த வாரம்தான் சுவருக்கு வந்திருந்தது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பிரிவுத் தலைவியான மேடம் மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

"மேடத்தைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் சுத்திப் பாருங்க. அம்மா, உன்னைத்தான் சொல்றேன், எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் மகள் போனாள்.

மகளின் படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து தரை வரை வழிந்த துணி, அப்போதுதான் வெளுத்து எடுத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று. ஆனால் கண் சும்மா இருக்குமா? துணியின் நுனியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம்!

அடிப்பாவி மகளே, இவ்வளவையும் செய்துவிட்டு இதை விட்டுவிட்டாயே! மேடம் கண்ணில் பட்டால் வேலை என்ன ஆவது? பக்கத்திலேயே விளக்கப் பலகை ஒன்று தொங்கியது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்துப் புருஷன் சுவரில் சாய்ந்தார். மாடிப்படி ஏறியதில் தலைசுற்றல். அறையைக் காவல் காத்த பெரியவர் ஓடிவந்து, "ஐயா, அப்படியே சாஞ்சுக்கோங்க, நாற்காலி கொண்டாரேன்" என்று பக்கத்து அறைக்குப் போனார். கட்டிய புருஷன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கறையக்காவோ கைக்குட்டையின் மூலையை எச்சிலில் நனைத்துக்கொண்டிருந்தாள். தேய்க்கவில்லை, ஒற்றித்தான் எடுத்தாள். தொழில்காரி அல்லவா! கைக்குட்டை பழுப்பாயிற்று, சதுரத்தில் பாதி வெளுத்தது. அப்பாடா, மகள் தப்பித்தாள் என்று நினைத்தாள்.

காவலாளி புருஷனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மகளும் மேடமும் வந்துவிட்டார்கள்.

"இதை யார் தொட்டது?" மேடம் படத்தருகே குனிந்தார். "படம் எப்படி இருந்துச்சுன்னு ஜனங்களுக்குக் காட்ட, வேணும்னே விட்ட அழுக்கு இது. போர்டுல எழுதியே வெச்சிருக்கோம். எத்தனை வருஷத்துப் புகை! இனி எங்க போய்த் தேடுறது? நீங்க எங்கய்யா போனீங்க?"

"இவருக்குத் தலை சுத்துச்சு மேடம். நாற்காலி எடுக்கப் போனேன்."

"இடத்தை விட்டு நகரக்கூடாதுன்னு தெரியாதா? இப்பவே வாசலுக்குப் போய் நில்லுங்க. வேலையில வெச்சுக்கிறதா வேண்டாமான்னு நாளைக்குப் பாக்கலாம்."

பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மகள் அம்மாவின் மூடிய கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் பழுப்புத் துணி எட்டிப் பார்த்தது. மகள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும்தான். சொன்னால் மகள் வேலை போகும், சொல்லாவிட்டால் அந்த மனுஷன் வேலை போகும். கறையக்கா திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றாள்.

அதற்குப் பிறகு என்ன படம் பார்த்தாள், கடவுளுக்குத்தான் வெளிச்சம். கீழே கேன்டீனில் மகள் வாங்கிக்கொடுத்த டீ ஆடை கட்டிப்போயிற்று. "வீட்ல பேசிக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் மாடிக்குப் போனாள்.

வாசலில் உச்சி வெயில். நிழல் இல்லாத இடத்தில் அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"ஐயா, தலைசுத்தல் எப்படி இருக்கு? வெயில்ல நடக்காதீங்க, ஆட்டோ கூப்பிடட்டுமா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் கறையக்கா. அப்படியே திரும்பி உள்ளே நடந்தாள்.

"ஏய், எங்க போற?" என்று புருஷன் பின்னாலேயே வந்தார். "பொண்ணு வேலை போயிடும்டி!"

"அவரு நாற்காலி தூக்கிட்டு வந்தது உங்களுக்குத்தானே? நான் பாத்த வேலைக்கு அவரு வெயில்ல நிக்கிறாரு."

மாடிப்படியின் திருப்பத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். மாடிக்குப் போனவள் மேடம் அறை வரை போகவேயில்லை. அழுது கண் சிவந்திருந்தது.

"அம்மா, சொல்லணும்னுதான் ஏறினேன். கால் வரலைம்மா."

கறையக்கா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். கசங்கிய கைக்குட்டையைப் பிரித்து, கறை மேலே தெரியும்படி மடித்துக்கொண்டாள்.

"நீ பேச வேண்டாம். பக்கத்துல நில்லு, போதும்."

மூன்று பேரும் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினார்கள்.